சீக்குப் பண்ணைக்குப் போய்வந்த ஆள்

மயில்சாமி கோழிக்கு ஊசி போடுகிறவர். சிரிக்க வேண்டாம், நாமக்கல் பக்கம் அது பெரிய வேலை. புதன்சந்தைக்கு உள்ளே தள்ளியிருக்கிற தொட்டியங்காட்டையும் அதன் சுற்றுப்பட்டையும் சேர்த்தால் நாற்பது பண்ணை தேறும். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம், இருபதாயிரம் கோழி. குஞ்சு வந்து இறங்கியதிலிருந்து முட்டை வைக்கிறவரைக்கும் சொட்டு மருந்து, ஊசி, மூக்கு வெட்டு என்று வரிசையாக வேலை இருந்துகொண்டே இருக்கும். அதற்கெல்லாம் பண்ணைக்காரர்கள் வெளியாளைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் கூப்பிட்ட ஆள் மயில்சாமி. அவரோடு எட்டுப் பேர். மனைவி சௌந்திரம் அதில் ஒருத்தி. கூண்டிலிருந்து கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துக் கொடுக்கிற சின்னாயிதான் அந்தக் கூட்டத்துக்கே மூத்தவள்.

இந்தத் தொழிலில் கை வேகத்தை யாரும் பெரிதாக மெச்ச மாட்டார்கள். கால் சுத்தமா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு பண்ணையின் சீக்கு அடுத்த பண்ணைக்குப் போவது ஆளின் செருப்பிலும் துணியிலும் வண்டி டயரிலும்தான். அதனால் மயில்சாமி ஒரு நாளைக்கு ஒரு பண்ணைக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, குளித்து, அந்தப் பண்ணைத் துணியையே உடுத்திக்கொண்டுதான் ஷெட்டுக்குள் போவார். சீக்கு விழுந்த பண்ணைக்குள் போக நேர்ந்துவிட்டால் பத்து நாளைக்கு வேறு எந்தக் கேட்டையும் மிதிக்க மாட்டார். மற்ற குழுக்காரர்கள் மூன்றாம் நாளே கிளம்பிவிடுவார்கள். மயிலுக்குத் தீட்டுப் பிடித்துக்கொண்டது என்று அவர்கள் கேலி பேசுவதும் உண்டு. பேசட்டும், பண்ணைக்காரர்கள் கூப்பிட்டது இவரைத்தானே.

அந்தப் பண்ணைக்காரர்களில் ஒருவன் குணசீலன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுக்குக் காடு தோட்டமும் பண்ணையும் இருந்தன, இவருக்கு மழையை நம்பிய அரை ஏக்கர் மேட்டாங்காடு. அதை இருவரும் ஒருநாளும் பேச்சில் கொண்டுவந்ததில்லை. குணசீலன் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுகிற உரிமை மயில்சாமிக்கு இருந்தது. மயில்சாமியின் மகள் கல்யாணத்துக்கு முன்னாலே நின்று வேலை பார்த்தவன் குணசீலன்.

போன ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலையில் குணசீலனிடமிருந்து போன் வந்தது. தனியாக வா, யாரிடமும் சொல்லாதே என்றான். போய்ப் பார்த்தால் மூன்றாம் ஷெட்டில் கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. வெள்ளைக் கழிச்சல். ஒரே ராத்திரியில் ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. வேலையாட்களைக் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தான் குணசீலன். விஷயம் வெளியே தெரிந்தால் முட்டை லாரி வராது, தீவன லாரி வராது, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், தான் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று அழுதான். இரண்டு நாள் இருவரும் சேர்ந்து குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். மிச்சமிருந்த கோழிக்கு மயில்சாமி மருந்து போட்டார். கிளம்பும்போது குணசீலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். உசிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்றார் இவர்.

கட்டியிருந்த நீல லுங்கியை அங்கேயே கொளுத்திவிட்டு வந்தார். காய்ச்சல் என்று குழுவிடம் பொய் சொல்லிப் பத்து நாள் வீட்டிலேயே கிடந்தார். சௌந்திரத்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் காய்ச்சல் என்று பொய் சொல்ல முடியுமா என்ன.

ஒரு மாசம் கழித்து சண்முகவேல் பண்ணையிலும் அதே கழிச்சல் வந்து எட்டாயிரம் கோழி செத்தது. சண்முகவேல் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கெல்லாம் பெரியவர், அவர் சொன்னால் நாற்பது கேட்டும் திறக்கும், நாற்பது கேட்டும் மூடும். எங்கிருந்து வந்ததென்று அவர் தலையை உடைத்துக்கொண்டார். குணசீலன் அந்தச் சமயத்தில் சீக்கு விழுந்த ஷெட்டின் எருவை லாரியில் ஏற்றி அந்தப் பண்ணை வழியாக விட்டது மயில்சாமிக்குத் தெரியும். நெஞ்சில் முள் மாதிரி குத்தியது. ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மார்கழியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மேட்டுத் தெருவுக்குக் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும், அதுவும் நூல் மாதிரி. சின்னாயிதான் முதலில் ஆரம்பித்தாள்: பஞ்சாயத்துத் தலைவருக்கு நீயே நில்லு சாமி, உன்னைத் தெரியாத வீடு இந்த ஊரில் உண்டா என்று. தெருவே பின்னால் சேர்ந்துகொண்டது. மயில்சாமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு நாள் போய் மனுப் போட்டுவிட்டார். ஆட்டோ சின்னம் கிடைத்தது. எதிரே பூட்டு சாவி. அதில் நின்றவன் மணிமாறன், குணசீலனின் மனைவிக்குத் தம்பி.

குணசீலன் வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேரே சொன்னான். மச்சான் நிற்கிறான், நான் அவன் பக்கம் நிற்காவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான். மயில்சாமிக்கு அவன் மேல் மரியாதைதான் கூடியது. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. இவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார், அவன் ரோட்டைப் பற்றிப் பேசினான். இரண்டாம் வாரம் பூட்டு சாவிக்காரர்களுக்குக் கலக்கம் கண்டுவிட்டது. ஆட்டோ சின்னத்துக்குப் பெண்கள் ஓட்டு மொத்தமாகப் போகிறதாம். உடனே மயில்சாமி குடிப்பார் என்றார்கள். ஊர் சிரித்தது, அவருக்குச் சோடா குடித்தாலே ஏப்பம் தாங்காது. மருந்து பாட்டிலைத் திருடி விற்பார் என்றார்கள். அதுவும் எடுபடவில்லை.

ஓட்டுப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவன் மணிமாறன். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மயில்சாமி ஒரு சீக்குப் பண்ணைக்குள்ளே போய்வந்தார், நீல லுங்கி கட்டிக்கொண்டு மொபெட்டில் ஐஸ் பெட்டியோடு போனதை நேரில் பார்த்த ஆள் இருக்கிறார், அந்தக் காலோடுதான் ஊரெல்லாம் சுற்றினார், சண்முகவேல் அண்ணன் பண்ணையில் எட்டாயிரம் கோழி செத்ததற்கு இவர்தான் காரணம், இப்படிப்பட்டவரையா தலைவராக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தான். சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு ஊரில் இல்லாத போன் இல்லை.

மயில்சாமி அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அந்த நாளும் அந்த நீல லுங்கியும் சௌந்திரத்தை விட்டால் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

நேரே குணசீலன் வீட்டுக்குப் போனார். அவன் மறுக்கவில்லை. அதுதான் கொடுமை. தேர்தல் என்றால் நாலு வார்த்தை முன்னே பின்னே வரத்தான் செய்யும், ஏதோ பேச்சுவாக்கில் மச்சானிடம் வாய்விட்டுவிட்டேன், அவன் இப்படிப் போடுவான் என்று நினைக்கவில்லை என்றான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"ஓட்டு எண்ணி முடிஞ்சா அல்லாரும் மறந்துருவாங்க மயிலு. நானே குழுவுல பேசிச் செரி பண்ணிப்போடறேன். எம்பட பேர மட்டும் எங்கயும் சொல்லீராத."

சண்முகவேல் மறுநாள் காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய் நின்றார் மயில்சாமி. பெரியவர் சத்தம் போடவில்லை. சீக்குப் பண்ணைக்குப் போனது நிஜமா என்று மட்டும் கேட்டார். மயில்சாமிக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனது நிஜம்தான், ஆனால் பத்து நாள் கழித்துத்தான் உங்கள் கேட்டுக்குள் வந்தேன் என்றார்.

"எந்தப் பண்ணை?"

மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெயரைச் சொன்னால் இவர் தப்பித்துவிடுவார், குணசீலன் பண்ணை மூடிப்போகும். பெயர் வராது என்று கண்டதும் சண்முகவேல், போய்க்கோ என்று தலையசைத்தார்.

வீட்டில் சௌந்திரம் ஆடித் தீர்த்துவிட்டாள். அவன் உங்களைக் குழிக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடுகிறான், நீங்கள் அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம், குணா சரி பண்ணிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

தோற்றார். அறுபத்திரண்டு ஓட்டு வித்தியாசம். அதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, தலைவர் நாற்காலியில் உட்கார அவர் பிறக்கவில்லை. மணிமாறன் மாலையும் கழுத்துமாகத் தெருவில் வந்தபோது அவரைக் கண்டு கும்பிட்டான். எலெக்‌ஷனில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தோளைத் தட்டினான். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவன் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பண்ணைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

தை மாசம் முழுக்க அவர் போன் அடிக்கவே இல்லை. அவரே கூப்பிட்டால், இந்தத் தடவை வேறு ஆளுக்குச் சொல்லியாச்சுங்க என்பார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஒருத்தரும் நாக்கு மேல் பல்லுப் போட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ரோட்டில் பார்த்தால் வண்டியை ஓரமாக ஒதுக்கிப் போனார்கள். டீக்கடையில் ஒரு பண்ணைக்காரர் இவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்து நின்று குடித்தார். குழுவில் நாலு பேர் வேறு ஆட்களோடு போய்விட்டார்கள், வயிறு இருக்கிறதே, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சின்னாயி போகவில்லை. தேர்தலில் நிற்கச் சொன்ன பாவி நான்தானே என்று தினமும் வந்து புலம்பிவிட்டுப் போவாள்.

மயில்சாமி காத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். குணசீலன் அந்தக் குழுவில் வந்து, மயில்சாமி மேல் தப்பில்லை என்று சொன்னால் போதும், கேட்டுகள் திறந்துவிடும். தை போய் மாசியும் போனது. கேட்கும்போதெல்லாம் இதோ சொல்கிறேன், அதோ சொல்கிறேன் என்று அவன் நாளைக் கடத்தினான்.

பங்குனியில் அவனே கூப்பிட்டான். எட்டு வாரக் குஞ்சு ஆறாயிரம் நிற்கிறது, கழிச்சலுக்கு ஊசி போட வேண்டும், வேறு ஆட்களை விட்டால் இறக்கையை ஒடித்துத் தொலைக்கிறார்கள், நீ வா என்றான். முன் கேட்டு வேண்டாம், பின்னால் ஓடைப் பக்கமாக வந்துவிடு, சுத்தியிருக்கிறவர்கள் பார்த்தால் வீண் பேச்சு என்றான். வேலை முடிந்ததும் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, மயிலு எங்கள் பண்ணைக்கு வந்தாச்சு என்று தன் வாயாலேயே சொல்லிவிடுவதாகச் சத்தியம் பண்ணினான்.

சௌந்திரம் கூடாது என்றாள். மயில்சாமி யோசித்தார். ஒரு கேட்டு திறந்தால் மற்றதும் திறக்கும் என்று பட்டது. அதோடு, நெஞ்சில் ஏதோ ஒரு மூலையில் இன்னும் அந்த ஒரே பெஞ்சுக்காரன் உட்கார்ந்திருந்தான்.

இவர், சௌந்திரம், சின்னாயி, மிச்சமிருந்த இரண்டு பேர் என்று ஐந்து பேரும் ஓடை வழியாகப் போனார்கள். குளித்து, துணி மாற்றி, காலையில் ஆரம்பித்தார்கள். கைக்கு வேலை வந்ததும் மயில்சாமி பழைய ஆளாகிவிட்டார். மூன்று மாசத்துக்குப் பிறகு சின்னாயி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். முக்கால்வாசி முடிந்து, கடைசி மருந்தைக் கலக்கியிருந்தார்கள். அந்த மருந்தைக் கலக்கினால் ஐஸில் வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும்.

அப்போது குணசீலன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். சண்முகவேல் அண்ணன் முன் கேட்டில் வந்து நிற்கிறார், தீவன குடோனுக்குள் கொஞ்ச நேரம் இருந்துகொள்ளுங்கள் என்றான். யோசிக்க விடவில்லை. ஐந்து பேரையும் மூட்டைகளுக்கு நடுவே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். திருடனைப் போல ஒளிந்திருக்கிறோமே என்று சௌந்திரம் முணுமுணுத்தாள். மயில்சாமி கையைக் காட்டி அடக்கினார்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே குடோன் வாசலுக்கே வந்துவிட்டார்கள். தகரக் கதவுதான், எல்லாம் கேட்டது. தன் பண்ணைக்கும் ஊசி போட நல்ல கையாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சண்முகவேல் சொன்னார். மயில்சாமி மாதிரி வேலை யாருக்கும் வராது, ஆனால் மனசு ஒப்பவில்லை, நீ அவனோடு பழகினவனாயிற்றே, என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

உள்ளே மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார். தேர்தல் முடிந்து மூன்று மாசமாகிவிட்டது. மணிமாறன் ஜெயித்து உட்கார்ந்தாயிற்று. இனி யாருக்கும் ஒரு ஓட்டும் தேவையில்லை. இப்போது சொல்லிவிடுவான்.

"அவனயாங்கண்ணா?" என்றான் குணசீலன். "சிநேகிதம் வேற, தொழில் வேற. எம்பட கேட்டுக்குள்ளயே நான் உடறதில்லீங்க."

மயில்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முடியெல்லாம் தீவனத் தூசி.

"அன்னிக்கு எந்தப் பண்ணைன்னு கேட்டீங்கள்லங்கண்ணா. இந்தப் பண்ணைதானுங்க. மூணாம் ஷெட்டுல செத்தத நானும் இவனும்தான் பொதச்சோம். பத்து நாள் நான் ஊட்டுல கெடந்தேன். இவன் எரு லாரிதான் சும்மா நிக்கலீங்க, உங்க பண்ணை வழியாத்தான் போச்சு."

சண்முகவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குணசீலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒரு நொடிதான். தேர்தல் அவனுக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருந்தது.

"பாத்தீங்களாங்கண்ணா," என்றான். "பொண்டாட்டியோட வந்து அழுதான், பாவம்னு பொறகால வழியா உட்டேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கமாப் போயி மறைச்சுட்டனுங்க. எரக்கப்பட்டதுக்கு எம் பண்ணை மேலயே பழி போடறான்."

சௌந்திரம் வெளியே வந்து, நிஜத்தைத்தான் சொல்கிறார், எனக்கு ஆடியிலேயே தெரியும் என்றாள். குழியைத் தோண்டிப் பார்க்கச் சொன்னாள். செத்த கோழியைப் புதைத்த குழி எந்தப் பண்ணையில்தான் இல்லை. சண்முகவேல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். தேர்தலில் இரண்டு பக்கத்துப் பெண்களும் இப்படித்தான் ஆளுக்கொன்று சத்தியம் பண்ணிக்கொண்டு திரிந்தார்கள். அவருக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டிருக்கும். அவர் கெட்டவர் இல்லை, சலித்துப்போயிருந்தார்.

"எலெக்‌ஷன் முடிஞ்சு மூணு மாசமாச்சு மயில்சாமி," என்றார். "இன்னும் என்னத்துக்குப் பிரச்சாரம் பண்ணீட்டிருக்கற? அன்னிக்குக் கேட்டப்பச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

அவர் வண்டியேறிப் போய்விட்டார். குணசீலன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சின்னாயி வந்து, கலக்கிய மருந்தைக் கீழே ஊற்றிவிடட்டுமா என்று கேட்டாள். கோழி என்ன பாவம் பண்ணியது, கொண்டா என்று மயில்சாமி ஷெட்டுக்குள் போனார். மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் குஞ்சுக்கும் ஊசி போட்டார். ஒன்றின் இறக்கைகூட ஒடியவில்லை. முடித்துக் குளித்துவிட்டு, ஐந்து பேரும் முன் கேட்டு வழியாகவே பட்டப்பகலில் வெளியே வந்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை.

ரோட்டோரத்தில் சௌந்திரம் நின்றாள். கோபமெல்லாம் வடிந்து, குரல் கம்மியிருந்தது.

"நீங்க சொன்ன ஒரு சொல்ல இந்த ஊரு நம்பாம இருந்ததில்லீங்க. இன்னிக்குத்தான் மொதல் தடவ."

மயில்சாமி வாயைத் திறந்தார். அவளிடமாவது ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தார். எதைச் சொன்னாலும் ஓட்டுக் கேட்கிற மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.